மலைப்பாதையில் நெடுந்தூர ஓட்டம்: அதைத் தொழிலாக்கிக்கொள்ள விரும்புபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

2012-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஒரு நூறு மைல் (சுமார் 160 கிலோமீட்டர்) மலைப்பாதைப் போட்டி நடந்தது. பள்ளியில் அறிவியல் பாடம் நடத்திக்கொண்டிருந்த கோர்ட்னி டவால்டருக்கு அதுதான் முதல் நூறு மைல். அறுபதாவது மைல் அருகே விலகிக்கொண்டார். 2017-இல் அதே போட்டியின் கடைசிப் பன்னிரண்டு மைல்களில் கருவிழிப் படலம் வீங்கிப் பார்வை மங்கியது. தன் பாதங்களைத் தவிர வேறெதுவும் தெரியாத நிலையில், தடுக்கி விழுந்து தலையில் அடிபட்டும் எழுந்து ஓடி வென்றார். ஆசிரியர் வேலையை விட்டது அந்த ஆண்டில்தான். 2023 கோடையில் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ், ஹார்ட்ராக், யூ.டி.எம்.பி. (அல்ட்ரா-டிரெயில் டு மோன் பிளாங்க்) என்று இந்த உலகின் மூன்று பெரும் நூறு மைல் போட்டிகளையும் பத்தே வாரங்களுக்குள் வென்றார். அதற்கு முன் ஆணோ பெண்ணோ ஒருவரும் ஒரே ஆண்டில் இம்மூன்றையும் வென்றதில்லை.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. என்னிடம் யோசனை கேட்டு வரும் இளைஞர்களில் பலர், "வேலையை எப்போது விடலாம்?" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். டவால்டர் அந்த முதல் தோல்விக்குப் பிறகு ஐந்து ஆண்டுகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டே ஓடினார். இது மெதுவாகக் கட்ட வேண்டிய தொழில். எலும்பு, தசைநாண், குடல் மூன்றும் நம் ஆசையின் வேகத்தில் வளர்வதில்லை. ஐந்து முதல் ஏழு ஆண்டு தரத் தயாராக இருப்பவர்களுக்காகவே கீழே உள்ளவற்றை எழுதுகிறேன்.

1. தூரத்தை அளக்கும் கோலை மாற்றுங்கள்

சாலை மாரத்தான் ஓடியவர்கள் கிலோமீட்டர் கணக்கோடு மலைக்கு வந்து ஏமாறுகிறார்கள். மலைப்பாதையில் ஒவ்வொரு நூறு மீட்டர் ஏற்றத்தையும் ஒரு கிலோமீட்டராகக் கூட்டிக்கொள்ளும் எளிய கணக்கு ஒன்று புழக்கத்தில் இருக்கிறது. பிரான்ஸின் ஷமோனியில் தொடங்கி இத்தாலி, சுவிட்சர்லாந்து வழியாக மோன் பிளாங்க் மலைத்தொடரைச் சுற்றி வரும் யூ.டி.எம்.பி. சுமார் 171 கிலோமீட்டர். ஏற்றம் சுமார் 10,000 மீட்டர். இந்தக் கணக்குப்படி அது 271 கிலோமீட்டர் உழைப்பு. முடிப்பதற்குத் தரும் நேரம் நாற்பத்தாறரை மணி. பெரும்பாலானவர்களுக்கு இரண்டு இரவுகள் மலையில் கழியும்.

ஆகவே பயிற்சிக் குறிப்பில் மூன்று எண்களை எழுதுங்கள்: எத்தனை மணி நேரம் ஓடினீர்கள், எத்தனை மீட்டர் ஏறினீர்கள், எத்தனை மீட்டர் இறங்கினீர்கள். கிலோமீட்டர் நான்காவதாக வரட்டும்.

2. முதல் இரண்டு ஆண்டுகள்

வாரத்துக்கு நான்கு நாள், மொத்தம் ஐந்து மணி நேரம். இதில் தொடங்கி, இரண்டாம் ஆண்டு முடியும்போது எட்டு முதல் பத்து மணி நேரத்துக்கு வந்தால் போதும். அதில் பெரும்பகுதி, பக்கத்தில் ஓடுபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில் இருக்க வேண்டும். மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். வாரம் ஒரு நாள் மட்டும் ஏற்றத்தில் கடுமையான பயிற்சி: மூன்று நிமிடம் முழு முயற்சியோடு ஏறி, மெதுவாக இறங்கி, ஐந்தாறு முறை திரும்பச் செய்வது. ஒவ்வொரு நான்காவது வாரமும் எல்லாவற்றையும் மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிடுங்கள். உடல் வலுவாவது அந்த வாரத்தில்தான்.

செங்குத்தான ஏற்றத்தில் உலகின் முதல்நிலை வீரர்களும் நடக்கிறார்கள். முழங்காலுக்குச் சற்று மேலே உள்ளங்கையை ஊன்றி, ஒவ்வோர் அடிக்கும் தொடையைக் கீழே தள்ளி நடக்கும் அந்த வேக நடைக்குத் தனியாகப் பயிற்சி வேண்டும்.

சமவெளியில் இருப்பவர்கள் மலை இல்லையே என்று கலங்க வேண்டாம். பழனி மலையின் 693 படிகளைப் பக்தர் கூட்டம் சேருமுன் ஏறி இறங்கி வரலாம். சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பின் மாடிப்படியே போதும். எத்தனை மாடி என்று எண்ணி, மாதத்துக்கு மாதம் கூட்டுங்கள். இதோடு வாரம் இரண்டு நாள் ஒற்றைக் காலில் உட்கார்ந்து எழுவது, குதிகாலை உயர்த்தி இறக்குவது, படியிலிருந்து ஒரு காலை மிக மெதுவாகக் கீழே வைப்பது. இருபது நிமிடம் போதும்.

காட்டுக்குள் போகிறவர்கள் வனத்துறை அனுமதி இல்லாமல் போகவே கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை மறந்துவிடக் கூடாது. அனுமதிக்கப்பட்ட பாதையானாலும் விடியலிலும் அந்தியிலும் தனியாக ஓடாதீர்கள். அந்த நேரம் யானைகளுடையது.

3. ஏறத் தெரிந்தால் போதாது, இறங்கத் தெரிய வேண்டும்

இந்தப் பகுதியில் கொஞ்சம் நிதானமாக நிற்க விரும்புகிறேன். புதியவர்கள் ஏற்றத்துக்கு அஞ்சுகிறார்கள். போட்டிகள் கைவிட்டுப் போவதோ இறக்கத்தில்.

கலிபோர்னியாவின் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் இதற்கு நல்ல சான்று. 1974-இல் குதிரைகளுக்கான நூறு மைல் போட்டியில் கோர்டி ஐன்ஸ்லீ என்பவர் குதிரை இல்லாமல் தம் காலாலேயே ஓடி, 23 மணி 42 நிமிடத்தில் முடித்தார். அதிலிருந்து பிறந்த போட்டி இது. 24 மணி நேரத்துக்குள் முடிப்பவர்களுக்கு இன்றும் வெள்ளி பெல்ட் கொக்கி தருகிறார்கள். அந்தப் பாதையில் ஏற்றம் சுமார் 5,500 மீட்டர், இறக்கமோ சுமார் 7,000 மீட்டர். வெயில் கொதிக்கும் பள்ளத்தாக்குகளுக்குள் இறங்கி இறங்கித் தொடை நைந்துபோனவர்கள், ஓட வசதியான கடைசிச் சமதளத்தில் நடந்துகொண்டிருப்பார்கள்.

ஏறும்போது தொடைத் தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது உடலின் எடையைத் தாங்கிப் பிரேக் போட வேண்டியிருப்பதால், சுருங்க முயலும் தசை அதே வேளையில் இழுபடுகிறது. நுண்ணிய கிழிசல்கள் ஏற்படுவது இதனால்தான். மூச்சு வாங்காததால் ஓடும்போது ஒன்றும் தெரியாது. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் முதன்முறையாக ஓடி இறங்கிய காலையில், வாழ்நாளில் இவ்வளவு இலகுவாக ஓடியதில்லை என்று எண்ணினேன். மறுநாள் வீட்டு மாடிப்படியில் கைப்பிடியை இரு கையாலும் பற்றிக்கொண்டு, பின்பக்கமாகத் திரும்பி ஒவ்வொரு படியாக இறங்க வேண்டியிருந்தது. தொடையை விரலால் தொட்டாலே வலித்தது. நான்காம் நாள்தான் சாதாரணமாக நடந்தேன்.

நல்ல செய்தி என்னவென்றால், தசை இதை நினைவில் வைத்துக்கொள்கிறது. ஒரு முறை அடிபட்டுத் தேறிய தொடை, அடுத்த முறை அதே இறக்கத்தில் அந்த அளவுக்குச் சேதமடைவதில்லை. அந்தக் காப்பு சில வாரங்கள் நீடிக்கும். எனவே இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நீண்ட இறக்கப் பயிற்சி. போட்டிக்கு இரண்டு மூன்று வாரம் முன்னால் கடைசியாக ஒன்று. அதற்குப் பிறகு கூடாது.

இறங்கும்போது அடிகள் குறுகலாக, விரைவாக இருக்கட்டும். பார்வை காலடியில் அல்ல, நான்கைந்து அடி முன்னால். பயத்தில் உடலைப் பின்னுக்குச் சாய்த்தால் குதிகால் வழுக்கும். கைகளை இறக்கை போல விரித்துக்கொள்ளுங்கள். பார்ப்பதற்கு எப்படி இருக்கிறது என்ற கவலையே வேண்டாம். முதலில் உலர்ந்த பாதை, பிறகு உருளும் கல், பிறகு மழையில் நனைந்த வேர், கடைசியாக இருட்டு. இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

4. வயிற்றுக்கும் பயிற்சி வேண்டும்

ஓடும்போது இரத்தம் கால் தசைக்கும், சூட்டைத் தணிக்கத் தோலுக்கும் போகிறது. குடலுக்குக் குறைவாகவே மிஞ்சும். அந்தக் குறைந்த இரத்தத்தை வைத்து இருபது முப்பது மணி நேரம் செரித்துக்கொண்டே இருக்க வேண்டும். மணிக்கு 60 முதல் 90 கிராம் மாவுச்சத்து என்பது இன்றைய பொதுவான இலக்கு. ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் சுமார் 25 கிராம் இருக்கும். இரண்டு வாழைப்பழமும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை கலந்த எலுமிச்சைச் சாறும் ஒரு மணி நேரத்துக்கான குறைந்த அளவு. அறுபது கிராமுக்கு மேல் போக வேண்டுமானால் குளுக்கோஸ் மட்டும் போதாது. குடலில் அதை உறிஞ்சும் வழிக்கு ஓர் எல்லை உண்டு. ஃப்ரக்டோஸ் வேறு வழியாக உள்ளே போவதால், இரண்டையும் கலந்து எடுத்தால் அந்த எல்லையைத் தாண்டலாம். சாதாரணச் சர்க்கரையில் இரண்டுமே சம அளவில் இருக்கின்றன.

முதல் மாதம் மணிக்கு 30 கிராமோடு தொடங்கி, நீண்ட ஓட்டங்களில் மட்டும், வாரத்துக்குக் கொஞ்சமாகக் கூட்டுங்கள். இனிப்பு ஒரு கட்டத்தில் திகட்டும். உப்பு போட்டு வேகவைத்த உருளைக்கிழங்கு, நீர்த்த அரிசிக் கஞ்சி, சிறு உருண்டையாகப் பிடித்த புளிச்சோறு என்று உப்புச் சுவை ஏதாவது கைவசம் இருக்க வேண்டும்.

என் முதல் 80 கிலோமீட்டர் போட்டியில், ஐம்பதாவது கிலோமீட்டர் வரை பசியில்லை என்று பெயருக்குக் கடித்துக்கொண்டு ஓடினேன். பிறகு வாயில் போட்ட பேரீச்சம்பழம் களிமண் போல மேலண்ணத்தில் ஒட்டியது, விழுங்கினால் குமட்டியது. அடுத்த உதவி நிலையத்தில் அரை மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் கிடந்தேன். அங்கிருந்த அம்மா ஒருவர், "சாப்பிடாதீர்கள் தம்பி, வாய்க்குள் வைத்திருங்கள்" என்று சூடான கஞ்சியைக் கரண்டி கரண்டியாகக் கொடுத்தார். பத்துக் கரண்டிக்குப் பிறகு எழுந்து நடந்தேன். வயிறு மூடிக்கொண்டால் செய்ய வேண்டியது இதுதான்: வேகத்தைக் குறை, உடலைக் குளிர வை, சிறிது சிறிதாக வாய்க்குக் கொடு.

தாகம் எடுக்காமல் குடம் குடமாகத் தண்ணீர் குடிப்பதும் ஆபத்து. இரத்தத்தில் சோடியம் குறைந்து, தலைவலி, குழப்பம், வலிப்பு வரை போகும். உயிரும் போகலாம். ஐபுப்ரொஃபென் வகை வலிமாத்திரைகளைப் போட்டியின்போது தொடவே கூடாது. நீரிழந்து, சிதைந்த தசையின் கழிவையும் வடிகட்டித் திணறும் சிறுநீரகத்துக்கு அவை பெரும் கேடு. சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போனால் போட்டியை விட்டுவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

5. முதுகுப் பையில் இருப்பது உயிர்

2021 மே 22. சீனாவின் கான்சு மாகாணத்தில் நூறு கிலோமீட்டர் போட்டி. 172 பேர் புறப்பட்டார்கள். மலையின் உயரமான பகுதியில், வண்டி ஏற முடியாத இடத்தில், ஆலங்கட்டியும் உறைபனி மழையும் சூறைக்காற்றும் சேர்ந்து வந்தன. பலரிடம் அரைக்கால் சட்டையும் மெல்லிய பனியனும் மட்டுமே. காற்றைத் தடுக்கும் மேலங்கி கட்டாயப் பட்டியலில் இல்லை. 21 பேர் உடல் வெப்பம் குன்றி இறந்தார்கள். இறந்தவர்களில் சீனாவின் தலைசிறந்த நெடுந்தூர ஓட்ட வீரரான லியாங் ஜிங்கும் ஒருவர். ஆடு மேய்க்க வந்து குகையில் ஒதுங்கியிருந்த ஒருவர், ஆறு பேரை உள்ளே அழைத்து நெருப்பு மூட்டிக் காப்பாற்றினார்.

இறந்தவர்கள் பலவீனமானவர்கள் அல்லர். களைத்த உடலால் சூட்டை உண்டாக்க முடியாது. நனைந்த துணி இருக்கிற சூட்டையும் உறிஞ்சிவிடும். எனவே அமைப்பாளர் கேட்டாலும் கேட்காவிட்டாலும் இவை உங்கள் பையில் இருக்க வேண்டும்: தலைமூடியோடு கூடிய, மழை புகாத மேலங்கி, அவசரகால வெப்பப் போர்வை, ஹெட்லேம்ப்பும் மாற்று பேட்டரியும், விசில், ஒரு லிட்டர் தண்ணீர், இழுத்து ஒட்டும் கட்டுத்துணி, நெகிழி உறையில் கைபேசி, இரண்டு மணி நேரத்துக்கான உபரி உணவு. குளிர்மலை என்றால் கையுறையும் முழுக்கை உள்ளாடையும். மேலங்கியை நடுங்கத் தொடங்கிய பிறகு எடுக்காதீர்கள். விரல் விறைத்தால் ஜிப்பை இழுக்க முடியாது. காற்று மாறும்போதே போட்டுக்கொள்ளுங்கள்.

காலணி வாங்கும்போது மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் போட்டுப் பாருங்கள். பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரற்கடை இடம் வேண்டும். இல்லாவிட்டால் இறக்கத்தில் நகம் கறுத்து விழும்.

6. போட்டிகளை அடுக்கும் முறை

முதல் ஆண்டு 20, 30 கிலோமீட்டர். இரண்டாம் ஆண்டு 50. மூன்றில் 80. நான்கில் 100. நூறு மைல் அதற்குப் பிறகு. ஆண்டுக்குப் பெரிய இலக்கு இரண்டு, மூன்றாவது வேண்டாம். இந்தியாவில் சிக்மகளூர்ப் பகுதியின் மல்நாடு அல்ட்ரா காப்பித் தோட்டங்கள் ஊடே நல்ல தொடக்கம் தரும். லடாக்கின் கர்துங்லா சவால் 72 கிலோமீட்டர். அது ஐயாயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்த கணவாயைக் கடக்கிறது. அங்கு போவதானால் குறைந்தது இரண்டு வாரம் முன்பே லே நகரம் சென்று உடலைப் பழக்க வேண்டும். விடுப்பு அவ்வளவு கிடைக்காவிட்டால் அந்த ஆண்டு அதை விட்டுவிடுவதே நல்லது.

வெளிநாட்டுப் பெரும் போட்டிகளில் இடம் பிடிப்பதே தனி வேலை. யூ.டி.எம்.பி. குலுக்கலில் சேர, அதன் உலகத் தொடரில் உள்ள போட்டிகளை முடித்து 'ரன்னிங் ஸ்டோன்' (ஓட்டக் கல்) எனும் புள்ளிகளைச் சேர்க்க வேண்டும். கல் கூடினால் வாய்ப்பும் கூடும். வெஸ்டர்ன் ஸ்டேட்ஸில், தகுதி பெற்று விண்ணப்பித்தும் இடம் கிடைக்காத ஒவ்வோர் ஆண்டும் உங்கள் குலுக்கல் சீட்டு இரட்டிப்பாகும். அப்படியும் பல ஆண்டு காத்திருப்பவர்கள் ஏராளம். முன்வரிசை வீரர்களுக்கு வேறு வாசல் உண்டு: 'தங்க டிக்கெட்' போட்டிகளில் முதலிடங்களில் வந்தால் நேரடி நுழைவு. தொழிலாக நினைப்பவர்கள் குறி வைக்க வேண்டியது இதைத்தான்.

ஒரு போட்டியைப் பிடித்துக்கொண்டால் அதன் நிலத்தையும் பிடித்துக்கொள்ளுங்கள். சைக்கிள் கடையில் வேலை பார்த்துக்கொண்டு ஓடிய ஜிம் வாம்ஸ்லி, 2016-இல் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸில் சாதனை நேரத்தைவிட முன்னால் ஓடிக்கொண்டிருந்தார். 93-ஆவது மைல் அருகே ஒரு திருப்பத்தைத் தவறவிட்டு இருபதாவதாக முடித்தார். அடுத்த ஆண்டு பாதியில் விலகினார். 2018-இல் வென்றார், 2019-இல் 14 மணி 9 நிமிடம் 28 விநாடியில் சாதனை படைத்தார். ஆனாலும் ஆல்ப்ஸ் மலை அவருக்கு வசப்படவில்லை. 2022-இல் மனைவியோடு பிரான்ஸின் மலைக்கிராமம் ஒன்றுக்கே குடிபெயர்ந்து, அந்த ஏற்றத்திலும் இறக்கத்திலும் நாள்தோறும் ஓடினார். 2023-இல் யூ.டி.எம்.பி.யை வென்ற முதல் அமெரிக்க ஆண் ஆனார். குடிபெயர எல்லோராலும் முடியாது; போட்டிக்கு ஒரு மாதம் முன்பு மூன்று நாள் போய்ப் பாதையின் கடைசி முப்பது கிலோமீட்டரை நடந்து பார்க்கலாம்.

7. பணம்

வெஸ்டர்ன் ஸ்டேட்ஸில் முதலிடம் பெறுபவருக்குப் பரிசுப் பணம் கிடையாது. ஹார்ட்ராக்கிலும் இல்லை. பணம் தரும் போட்டிகளிலும் முதல் சிலருக்கே கிடைக்கும். வருமானம் காலணி, ஆடை, சத்துணவு நிறுவனங்களின் ஒப்பந்தத்திலிருந்தும், பிறருக்குப் பயிற்சி தருவதிலிருந்தும் வருகிறது. 2024-இல் யூ.டி.எம்.பி.யை வென்ற வின்சன்ட் பூயார் அப்போது ஒரு காலணி நிறுவனத்தில் பொறியாளர். முழுநேர வேலையோடு ஓடி உச்சியைத் தொட்டவர்.

ஒப்பந்தம் எப்போதும் படிப்படியாகத்தான் வரும்: முதலில் இலவசக் காலணி, பிறகு பயணச் செலவு, அதற்குப் பிறகே மாதச் சம்பளம். கையெழுத்துக்கு முன் மூன்று இடங்களைப் படியுங்கள். காயம்பட்டால் பணம் குறையுமா? கர்ப்ப காலத்தில் ஒப்பந்தம் நிற்குமா? எத்தனை பதிவுகள், எத்தனை படப்பிடிப்பு நாள்கள் கேட்கிறார்கள்? இரண்டாவது கேள்வி சிறியதல்ல. 2018-இல் ஓட்ட வீராங்கனை சோஃபி பவர் தன் மூன்று மாதக் குழந்தைக்கு யூ.டி.எம்.பி.யின் நடுவில் ஓர் உதவி நிலையத்தில் தாய்ப்பால் கொடுத்த புகைப்படம் உலகெங்கும் பரவியது. கர்ப்பத்துக்காக நுழைவைத் தள்ளிவைக்க அப்போது வழியில்லாததால்தான் அவர் அந்த நிலையில் ஓடினார். விதிகள் பிறகு மாறின; கேட்டதால் மாறின.

நம்மிடமிருந்து போகிறவர்களுக்கு விசா, விமானக் கட்டணம், ஐரோப்பாவில் தங்கும் செலவு ஆகியவையே பெருஞ்சுமை. ஓராண்டுக் குடும்பச் செலவு வங்கியில் இருந்து, குறைந்தது இரண்டு ஆண்டு ஒப்பந்தமும் கையில் இருந்தால் வேலையை விடுவதைப் பற்றி யோசிக்கலாம். அதற்கு முன் பகுதிநேர வேலைக்கு மாறிப் பாருங்கள்.

பணமில்லாதவர்களுக்கு வழியே இல்லையா என்றால், நேபாளத்தின் மீரா ராயைப் பாருங்கள். மலைக்கிராமத்தில் அரிசி மூட்டை சுமந்து வளர்ந்த பெண். 2014-இல் காத்மாண்டு அருகே 50 கிலோமீட்டர் போட்டி ஒன்றில் போதிய உணவோ தயாரிப்போ இல்லாமல் இறங்கி வென்றார். அடுத்த ஆண்டே மோன் பிளாங்க் 80 கிலோமீட்டரை வென்றார். அவருக்கு வாய்த்தது, பயணத்துக்கு ஏற்பாடு செய்து போட்டிகளுக்கு அனுப்பிவைத்த சிலரின் கை. இன்று அவரே ஊர்ப் பெண்களுக்குப் பயிற்சியும் தங்குமிடமும் அளிக்கிறார். உங்கள் ஊரிலும் ஓட்டக் குழு ஒன்று இருக்கும். அதில் சேருங்கள்.

8. நீண்ட நாள் ஓட

இந்த விளையாட்டில் இளமை அவசரமில்லை. இத்தாலியின் மார்கோ ஓல்மோ 2007-இல் யூ.டி.எம்.பி.யை வென்றபோது அவருக்கு வயது 58. இருபது வயதில் வந்தவர்கள் முப்பதில் காணாமல் போவதற்கு முக்கியக் காரணம், குறைவாக உண்டு அதிகமாக ஓடுவது. எடை குறைந்தால் வேகம் கூடும் என்ற பேச்சை நம்பிச் சாப்பாட்டைக் குறைத்தால், முதலில் தூக்கம் கெடும். பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும். பிறகு எலும்பில் விரிசல் விழும். மாதவிடாய் நின்றால் அது பயிற்சியின் அடையாளம் என்று சொல்லும் பயிற்சியாளரை அன்றே விட்டுவிடுங்கள்.

நாட்டு மருந்துப் பொடி, சத்து மாவு, சளி மாத்திரை எதுவானாலும் ஊக்கமருந்துத் தடைப் பட்டியலோடு ஒப்பிடாமல் உட்கொள்ளாதீர்கள். தெரியாமல் எடுத்தேன் என்பது அங்கே செல்லுபடியாகாது.

நூறு மைலுக்குப் பிறகு இரண்டு வாரம் ஓட வேண்டாம். நடங்கள், நீந்துங்கள், தூங்குங்கள். ஆனால் முடித்த இரண்டு நாளுக்குள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவிடுங்கள்: எந்த இடத்தில் என்ன சாப்பிட்டேன், எங்கே குமட்டியது, எங்கே உரசியது, எந்த உதவி நிலையத்தில் எத்தனை நிமிடம் வீணானது. என் நோட்டின் முதல் பக்கத்தில் இருப்பது: "52-ஆவது கிலோமீட்டர். வலது சுண்டுவிரல். காலுறையின் தையல். உள்வெளியாகத் திருப்பிப் போட வேண்டும்." பதினோரு ஆண்டாக அப்படித்தான் போட்டுக்கொள்கிறேன், அந்த விரலில் பிறகு கொப்புளம் வரவில்லை.